நெடுந்தூர மோட்டார் சைக்கிள் பயணம்: எந்த டயர், எதற்காக?

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத் தலைநகரான டிரெஸ்டனின் தென்கிழக்கு எல்லையைத் தொட்டபடி, எல்பே நதிக்கரையில் அமைந்திருக்கிறது ஹைடெனாவ் என்ற சிறு தொழில் நகரம். 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் அகதிகள் தங்குமிடம் ஒன்றுக்கு எதிராக அங்கு நடந்த வன்முறையும், அதையடுத்து அன்றைய ஜெர்மன் அரசுத் தலைவி அங்கேலா மெர்கல் அங்கு சென்றதும் இந்நகரின் பெயரை உலகச் செய்திகளில் இடம்பெறச் செய்தன. ஆனால் மோட்டார் சைக்கிளில் நாடு விட்டு நாடு செல்லும் பயணிகளிடையே இந்தப் பெயர் வேறொரு காரணத்துக்காக நெடுங்காலமாகவே அறியப்பட்டிருக்கிறது. அவர்களைப் பொறுத்தவரை ஹைடெனாவ் என்பது ஒரு டயரின் பெயர்.

நீண்ட பயணத்துக்குப் புறப்படுபவர்கள் வண்டி, பெட்டி, உடை, விசா ஆகியவை குறித்து மாதக்கணக்கில் ஆராய்வது உண்டு. டயர் பெரும்பாலும் கடைசி வாரத்தில், கையில் மிஞ்சியிருக்கும் பணத்தில் முடிவு செய்யப்படுகிறது. ஓடும் மோட்டார் சைக்கிளைச் சாலையோடு இணைப்பது, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே உள்ள ரப்பர் பரப்புதான். பிரேக் பிடிப்பதும், வளைவில் சாய்வதும், மழையில் வழுக்காமல் நிற்பதும் இந்த இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்பைச் சார்ந்தே இருக்கின்றன. நான்கு சக்கர வாகனத்தில் ஒரு டயர் பிடியை இழந்தால் மற்ற மூன்றும் ஓரளவு தாங்கும். இருசக்கர வாகனத்தில், அதிலும் முன்சக்கரத்தில், அந்த வாய்ப்பு இல்லை.

எல்பே கரையில் ஒரு டயர் ஆலை

ஹைடெனாவில் 1946ஆம் ஆண்டு முதல் டயர்கள் தயாரிக்கப்பட்டு வருகின்றன. இரண்டாம் உலகப் போரில் டிரெஸ்டன் குண்டுவீச்சால் அழிந்ததற்கு அடுத்த ஆண்டு அது. கிழக்கு ஜெர்மனி என்ற தனி நாடு உருவான பிறகு ஆலை அரசுடைமையாக இருந்தது. அந்நாட்டின் டயர்கள் 'நியூமன்ட்' என்ற பொதுப்பெயரில் விற்பனையாகின. அதே சாக்சனியில், செம்னிட்ஸ் நகருக்கு அருகே உள்ள சோபாவ் ஊரில் எம்.இசட் மோட்டார் சைக்கிள்கள் தயாராகின. சோபாவ் ஆலையின் வேர் டிகேடபிள்யூ நிறுவனத்தில் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் ஸ்காஃப்டே ராஸ்முசன் நிறுவிய அந்நிறுவனம், 1920களின் இறுதியில் உலகின் மிகப்பெரிய மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளராக விளங்கியது.

கிழக்கு ஜெர்மனிக்கு அன்னியச் செலாவணி எப்போதும் பற்றாக்குறையாகவே இருந்தது. எனவே இயற்கை ரப்பரை வாங்குவதைக் குறைத்து, ஷ்கோபாவ் ஆலையில் தயாரான 'பூனா' என்ற செயற்கை ரப்பரையே அந்நாடு பெரிதும் நம்பியிருந்தது. பியூட்டாடையீன் என்ற வேதிப்பொருளின் பெயரின் முதலெழுத்துகளையும், சோடியத்துக்கான ஜெர்மன் சொல்லான நாட்ரியம் என்பதன் முதலெழுத்துகளையும் இணைத்து வைக்கப்பட்ட பெயர் அது. இன்று உலகில் ஓடும் பெரும்பாலான டயர்களில் இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கலந்தே இருக்கின்றன. எந்த அளவில் கலப்பது என்பதே ஒவ்வொரு நிறுவனமும் காத்து வைத்திருக்கும் இரகசியம்.

1990ஆம் ஆண்டு இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது கிழக்கின் தொழில்துறை பெரும் சரிவைச் சந்தித்தது. சோபாவ் மோட்டார் சைக்கிள் ஆலை 1996இல் மலேசியாவின் ஹொங் லியோங் குழுமத்தின் கைக்குச் சென்றது. 2008இல் அங்கு உற்பத்தி நின்றது. பிறகு எடுக்கப்பட்ட மீட்பு முயற்சியும் 2012இல் திவாலில் முடிந்தது. நியூமன்ட் ஆலைகளில் ஒன்றான ஃபூர்ஸ்டன்வால்டே, காலப்போக்கில் குட்இயர் நிறுவனத்திடம் சேர்ந்தது. 2023இல் அந்நிறுவனம் அங்கு டயர் உற்பத்தியை 2027ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்தப்போவதாக அறிவித்தது.

ஹைடெனாவ் ஆலை வேறு வழியில் தப்பியது. கார் டயர் சந்தையில் பெரும் நிறுவனங்களோடு போட்டியிடாமல், மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், பழங்கால வாகனங்கள், சிறு டிரெய்லர்கள் என்று பெரியவர்கள் பொருட்படுத்தாத அளவுகளில் அது கவனம் செலுத்தியது. அந்த ஆலையிலிருந்து வந்த 'கே60 ஸ்கவுட்' என்ற டயர்தான் நெடுந்தூரப் பயணிகளிடையே அதன் பெயரைப் பரப்பியது. அதன் சில பின்சக்கர அளவுகளில், டயரின் நடுவே அறுபடாத ரப்பர் பட்டை ஒன்று ஓடுகிறது. பக்கங்களில் தடித்த கட்டிகளும் அவற்றுக்கிடையே ஆழமான பள்ளங்களும் உள்ளன. நேர்ச்சாலையில் தேய்வது நடுப்பகுதியே என்பதால், அங்கு ரப்பரைக் கூட்டி ஆயுளை நீட்டிப்பது இந்த வடிவமைப்பின் நோக்கம்.

மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது

ஒரு டயரிடம் பயணி எதிர்பார்ப்பவை மூன்று. நீண்ட நாள் தேயாமல் உழைக்க வேண்டும். ஈரமான தார்ச்சாலையில் பிடிப்பு வேண்டும். மண், சரளை, சேறு ஆகியவற்றில் நகர்ந்து செல்ல வேண்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை. எந்த டயரும் மூன்றிலும் முதலிடம் பெறுவதில்லை.

கெட்டியான ரப்பர் கலவை மெதுவாகத் தேயும். ஆனால் குளிரிலும் ஈரத்திலும் அது இறுகி, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் படியாது. மென்மையான கலவை நன்றாகப் பற்றும், விரைவில் தேயும். கலவையில் சிலிக்கா சேர்ப்பது ஈரப் பிடிப்பை மேம்படுத்த நிறுவனங்கள் கண்ட வழி. நடுவில் கெட்டியான ரப்பரையும் ஓரங்களில் மென்மையான ரப்பரையும் வைத்து உருவாக்குவது இன்னொரு வழி. இவை இழுபறியைக் குறைக்கின்றனவே தவிர நீக்குவதில்லை.

தடத்தின் வடிவமும் இதே கதைதான். பெரிய கட்டிகளும் அகன்ற பள்ளங்களும் கொண்ட டயர் சேற்றைக் கவ்வி முன்னேறும். அதே டயர் தார்ச்சாலையில் சாலையைத் தொடும் ரப்பரின் அளவைக் குறைத்துவிடும். கட்டிகள் வேகத்தில் நெளியும், இரைச்சல் எழுப்பும், சீக்கிரம் தேயும். கே60 ஸ்கவுட் போன்ற டயரின் நடுப்பட்டை நீண்ட ஆயுளைத் தருகிறது. ஆனால் சேற்றில் இறங்கும்போது கவ்வுவதற்கு நடுவில் குறுக்குப் பள்ளம் இல்லை என்பது அந்த ஆயுளுக்குக் கொடுக்கும் விலை.

ஆயுள் குறித்துப் பொதுவான அளவுகளை மட்டுமே கூற முடியும். ஓட்டும் விதம், சுமை, வெப்பம், சாலை ஆகியவற்றைப் பொறுத்து அவை பெரிதும் மாறும். பந்தய ரகத்தை ஒட்டிய மென்மையான பின்டயர் 5 ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடக் கூடும். சாலைப் பயணத்துக்கான டயர்கள் 8 ஆயிரம் முதல் 12 ஆயிரம் கிலோமீட்டர் வரை உழைப்பது வழக்கம். சாலையும் மண்ணும் கலந்த பயணத்துக்கானவற்றில் கெட்டியானவை இதைத் தாண்டுவதுண்டு. கரடுமுரடான பாதைக்கான கட்டி டயர்கள் தார்ச்சாலையில் ஓட்டப்பட்டால் 4 அல்லது 5 ஆயிரம் கிலோமீட்டரில் முடிந்துவிடலாம். முன்டயர் பொதுவாகப் பின்டயரைவிட நீண்டநாள் உழைக்கும்.

முதலில் பாதை, பிறகு டயர்

எனவே டயர் தேர்வு கடையில் அல்ல, வரைபடத்தின் முன் தொடங்க வேண்டும். டிரெஸ்டனிலிருந்து புறப்படும் பயணியின் எடுத்துக்காட்டு இதை விளக்க உதவும்.

நகருக்குள்ளேயே கருங்கல் பாவிய பழைய தெருக்களும் டிராம் தண்டவாளங்களும் உண்டு. மழையில் நனைந்த இரும்புத் தண்டவாளத்தில் எந்த டயருக்கும் பிடிப்பு மிகக் குறைவு. அதை இயன்ற அளவு செங்குத்தாகக் கடப்பதே பாதுகாப்பு. நகரைத் தாண்டினால் பிராக் நோக்கிச் செல்லும் ஏ17 விரைவுச்சாலை. அங்கு நேராக, வேகமாக, மணிக்கணக்கில் ஓடும்போது டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். அப்படித் தட்டையான டயர் அடுத்த மலை வளைவில் சாயும்போது சீராகத் திரும்பாது. தெற்கே எர்ஸ் மலைத்தொடரில் இளவேனிற்காலக் காலைகளிலும் குளிர் கடுமையாக இருக்கும். பால்கன் நாடுகளைக் கடந்து துருக்கியின் கிழக்குப் பகுதியை அடையும்போது வெயிலும், செப்பனிடப்படும் சாலைகளின் சரளைக் கற்களும் எதிர்ப்படும்.

ஜெர்மனிக்குள்ளும் அண்டை நாடுகளுக்கும் மட்டும் செல்பவருக்கு, உதாரணமாக டிரெஸ்டனிலிருந்து ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த்திருவிழாவுக்குச் சென்று திரும்புபவருக்கு, ஈரப் பிடிப்பு மிகுந்த சாலை டயரே போதுமானது. மண்பாதைக்கான கட்டி டயர் அவருக்கு இரைச்சலையும் வீண் தேய்மானத்தையுமே தரும். நெடும்பயணம் என்றவுடன் முரட்டுத் தோற்றமுள்ள டயரை நாடுவது பலரும் செய்யும் தவறு. பாதையில் பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலை என்றால் அந்த ஒன்பது பங்குக்கே டயர் வாங்க வேண்டும். மீதி ஒரு பங்கை வேகத்தைக் குறைத்துக் கடந்துவிடலாம்.

டிரெஸ்டனிலிருந்து துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாகத் தமிழ்நாடு செல்லும் தரைவழி ஏறத்தாழ 10 ஆயிரம் கிலோமீட்டர். இது நெடுங்காலமாகப் பயணிகள் பயன்படுத்திவந்த பாதை. ஆனால் 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலை அடுத்து அட்டாரி - வாகா எல்லைக் கடவை மூடப்பட்டது இந்தப் பாதை எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டியது. அரசியல் காரணங்களால் பாதை திடீரென மாறும்போது, மத்திய ஆசியாவின் மண்சாலைகள் வழியாகவோ, கப்பல் துறைமுகம் ஒன்றை நோக்கியோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்ற நேரிடலாம். ஆகவே திட்டமிட்ட தூரத்துக்குச் சரியாகப் போதும் என்ற கணக்கில் டயர் வாங்குவது விவேகமல்ல.

பக்கச்சுவரில் எழுதப்பட்டிருப்பது

டயரின் பக்கச்சுவரில் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்துகளும் எண்களும்தான் அதன் அடையாள அட்டை. '150/70 பி 17 69டி' என்று இருந்தால் அதன் பொருள் வருமாறு:

- 150 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
- 70 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 70 விழுக்காடு, அதாவது 105 மில்லிமீட்டர்.
- 'பி' என்பது குறுக்குவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நூலிழைகள் போடப்பட்ட, பட்டை சேர்த்த கட்டமைப்பைக் குறிக்கும். அந்த இடத்தில் 'ஆர்' இருந்தால் ரேடியல் டயர். சிறு கோடு மட்டும் இருந்தால் சாதாரணக் குறுக்கிழை டயர்.
- 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.
- 69 என்பது சுமைக் குறியீடு. இது 325 கிலோகிராமைக் குறிக்கும்.
- 'டி' என்பது வேகக் குறியீடு. மணிக்கு 190 கிலோமீட்டர் வரை.

வேகக் குறியீட்டில் 'எச்' என்றால் 210, 'வி' என்றால் 240 கிலோமீட்டர். பொதுவான வேக வரம்பு இல்லாத விரைவுச்சாலைகளைக் கொண்ட ஜெர்மனியில் இது ஏட்டளவு விவரம் அல்ல. டயர் தாங்கும் வேகத்தைத் தாண்டினால் உள்ளே வெப்பம் பெருகும். ரப்பர் அடுக்குகள் பிரிந்துவிடும் ஆபத்து உண்டு.

ரேடியல் டயர் வெப்பத்தை நன்கு வெளியேற்றும், அதிவேகத்தில் நிலையாக இருக்கும். குறுக்கிழை டயரின் பக்கச்சுவர் பொதுவாகத் தடித்தது. கற்கள் நிறைந்த பாதையில் அது ஒரு நன்மை. முன்சக்கரத்தில் ஒரு கட்டமைப்பும் பின்சக்கரத்தில் இன்னொன்றும் போடுவதை வண்டித் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் தவிர தவிர்க்க வேண்டும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே இணையாக இருப்பது நல்லது.

சட்டம் சொல்வது

ஜெர்மனியில் வண்டியின் பதிவு ஆவணங்களில் குறிப்பிடப்பட்ட அளவுக்கு மாறான டயரைப் பொருத்துவதற்கு, அங்கீகரிக்கப்பட்ட தொழில்நுட்பப் பரிசோதனை அமைப்பின் ஒப்புதல் தேவைப்படும். 2019இல் அறிவிக்கப்பட்ட மாற்றங்களுக்குப் பிறகு இந்த விதிகள் மேலும் கடுமையாகின. ஒப்புதல் இல்லாத டயரோடு ஓடும் வண்டி, சாலையில் இயங்குவதற்கான அனுமதியையே இழக்கக் கூடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

சேற்றுக்கும் பனிக்குமான 'எம்+எஸ்' குறியீடு பெற்ற டயர்கள் வண்டியின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த வேகக் குறியீடு கொண்டிருக்கலாம் என்று ஜெர்மன் விதிகள் சலுகை அளித்து வந்துள்ளன. டயரின் வேக வரம்பை ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைப்பதும் அதை மீறாமல் ஓட்டுவதும் நிபந்தனை. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் பெரிய வண்டிகளில் முரட்டு டயர்கள் சட்டப்படி ஓடுவது இந்தச் சலுகையால்தான். தனது வண்டிக்கு அது பொருந்துகிறதா என்பதை வாங்கும் முன்பே பரிசோதனை அமைப்பிடம் கேட்டுக்கொள்வது செலவில்லாத முன்னெச்சரிக்கை. பனிக்காலத்தில் குளிர்கால டயர் கட்டாயம் என்ற விதியிலிருந்து இருசக்கர வாகனங்களுக்கு 2017இல் விலக்கு அளிக்கப்பட்டது. சட்டம் விலக்கு அளித்ததால் பனி வழுக்காது என்று பொருளல்ல.

தேய்மான வரம்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜெர்மனியில் மோட்டார் சைக்கிள் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். பிரிட்டனில் 1 மில்லிமீட்டர். இந்தியாவில் இருசக்கர வாகனங்களுக்கு 0.8 மில்லிமீட்டர். சென்னையில் சட்டப்படி ஓடக்கூடிய டயர் டிரெஸ்டனில் அபராதத்துக்குரிய மொட்டை டயராகிவிடும். பள்ளங்களின் வேலை மழைநீரை வெளியே தள்ளுவது. பள்ளம் ஆழம் குறையும்போது டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் நிற்கும் வாய்ப்பு கூடுகிறது. சட்டம் எதைச் சொன்னாலும், 2 மில்லிமீட்டருக்குக் கீழே வந்த டயருடன் நெடும்பயணம் தொடங்குவது கூடாது.

சுமையும் காற்றும்

நெடும்பயணத்தில் டயர்கள் கெடுவதற்கு ஆணிகளைவிடப் பெரிய காரணம் அதிகச் சுமையும் குறைந்த காற்றழுத்தமும். 220 கிலோ எடையுள்ள வண்டி, 80 கிலோ ஓட்டுநர், 65 கிலோ எடையுள்ள துணைப் பயணி, 40 கிலோ சாமான்கள் என்று கூட்டினால் 405 கிலோ வருகிறது. இரு டயர்களின் சுமைக் குறியீடுகளைக் கூட்டிப் பார்த்தால் போதுமான இடைவெளி இருப்பதுபோல் தோன்றும். ஆனால் துணைப் பயணியும் சாமான்களும் பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேலேயே அமர்கின்றன. குண்டு குழியில் இறங்கும் கணத்தில் அந்தச் சுமை பன்மடங்காகிறது. எனவே பின்சக்கரச் சுமையைத் தனியே கணக்கிட வேண்டும். வண்டித் தயாரிப்பாளர் குறித்த மொத்த எடை வரம்பையும் தாண்டக் கூடாது.

காற்றழுத்தம் குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அந்த உராய்வு வெப்பமாகிறது. வெப்பம் ரப்பரைத் தளர்த்துகிறது. சுமையோடு வெயிலில் வேகமாகச் செல்லும்போது இம்மூன்றும் ஒன்றுசேர்ந்து டயரைச் சிதைக்கக் கூடும். பல நடுத்தர வண்டிகளுக்கு இருவரும் சாமான்களும் ஏறும்போது பின்டயரில் 2.9 பார் வரை, அதாவது சுமார் 42 பி.எஸ்.ஐ, பரிந்துரைக்கப்படுகிறது. சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். காலையில் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அதை அளக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் குறையும். சமவெளியில் மாலையில் நிரப்பிய காற்று, மலையில் மறுநாள் காலையில் குறைந்து காட்டுவது இதனால்தான்.

மணலிலும் சேற்றிலும் அழுத்தத்தைக் குறைப்பது பிடிப்பைக் கூட்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியவுடன் மீண்டும் நிரப்ப மறப்பதே ஆபத்து. சிறிய கைப்பம்பும் அழுத்தமானியும் பையில் இருப்பது ஆடம்பரம் அல்ல.

டயரின் வயது

பார்வைக்குப் புதிதாக இருக்கும் டயர் பழையதாக இருக்கலாம். பக்கச்சுவரில் 'டிஓடி' என்ற எழுத்துகளைத் தொடரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு நாளைக் கூறுகின்றன. 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். ரப்பர் காற்றாலும் ஒளியாலும் காலப்போக்கில் இறுகி வெடிப்பு காணும். கடையில் மலிவு விலையில் கிடைக்கும் டயர், விற்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்ததாக இருக்கக் கூடும். ஐந்தாறு ஆண்டுகளைத் தாண்டிய டயரோடு, அதில் எவ்வளவு பள்ளம் மிச்சமிருந்தாலும், நெடும்பயணம் தொடங்காமலிருப்பது நல்லது.

புதிய டயரையும் புறப்படும் நாளன்று மாட்டக் கூடாது. அதன் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 100 அல்லது 200 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டி, சிறிது சிறிதாகச் சாய்த்துப் பழக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே மாற்றினால், சக்கரம் சமன்படுத்தப்பட்டதில் குறை இருந்தாலும் ஊரிலேயே தெரிந்துவிடும்.

பஞ்சர் நேரும் இடம்

டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று மெதுவாகவே இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலேயே ரப்பர் திரியைச் செருகி ஓட்டையை அடைக்கலாம். டியூப் உள்ள டயரில் காற்று சட்டென்று இறங்கும். சக்கரத்தைக் கழற்றி, டயரை ரிம்மிலிருந்து பெயர்த்து, டியூபை ஒட்டியோ மாற்றியோ ஆக வேண்டும். ஆனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியாத சிற்றூர் இல்லை. ஸ்போக்ஸ் வைத்த சக்கரங்கள் பெரும்பாலானவை டியூப் உள்ளவையே. கல்லில் மோதி ரிம் சற்று வளைந்தாலும் டியூப் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் என்பது அதன் நன்மை.

எதுவாக இருந்தாலும், அந்த வேலையைப் புறப்படும் முன் வீட்டு முற்றத்தில் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். கெட்டியான பக்கச்சுவர் கொண்ட சில டயர்களை ரிம்மிலிருந்து கையால் பெயர்ப்பது மிகக் கடினம் என்பதை நடுவழியில் கண்டறிவது நல்ல அனுபவமாக இராது. பக்கச்சுவரில் ஏற்பட்ட கிழிசலை ஒட்டி ஓட்டக் கூடாது.

வழியில் கிடைக்குமா?

டயரின் தரத்துக்கு இணையான கேள்வி, அதே அளவு வழியில் கிடைக்குமா என்பது. ஈரானில் 250 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களை உள்நாட்டுப் பொதுமக்கள் ஓட்டுவதற்குத் தடை இருந்து வருகிறது. அதனால் 150 மில்லிமீட்டர் அகலமான பின்டயருக்கு அங்கு சந்தையே இல்லை. துருக்கியில் தேய்ந்த டயரை மாற்றாமல் எல்லையைக் கடந்தவர் அதன் விலையை அங்கு உணர்வார். சிலர் மாற்று டயரைப் பெட்டியின் மேல் கட்டிச் செல்கின்றனர். அது சுமையைக் கூட்டும். சிலர் வழியிலுள்ள நகரொன்றுக்கு முன்கூட்டியே அனுப்பி வைக்கின்றனர். சுங்கத் தாமதத்துக்கு அவர்கள் தயாராக இருக்க வேண்டும்.

வண்டியையே தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர் இதை முதலிலேயே எண்ணிப் பார்க்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வண்டியின் முன்டயர் 90/90-21 என்ற அளவு கொண்டது. உலகெங்கும் பல நிறுவனங்கள் தயாரிக்கும் அளவு அது. தெற்காசியாவில் எளிதில் கிடைக்கும் நடுத்தர அளவு டயர்களில் ஓடும் இலகுவான வண்டி, வேகத்தில் இழப்பதை நம்பகத்தில் ஈடுசெய்கிறது.

டயர் தொழிலில் தமிழகம் பயன்படுத்துவோர் பட்டியலில் மட்டும் இல்லை. ஹைடெனாவில் உற்பத்தி தொடங்கிய அதே 1946இல்தான் சென்னை திருவொற்றியூரில் மாம்மென் மாப்பிள்ளை ஒரு பொம்மை பலூன் தொழிற்கூடத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அது எம்.ஆர்.எஃப் டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1982இல் உருவான மதுரையின் டி.வி.எஸ் ஸ்ரீசக்ரா, இருசக்கர வாகன டயர்களை ஏற்றுமதி செய்கிறது. ஜெர்மனியிலோ ஹெஸன் மாநிலத்தின் கோர்பாக்கில் கான்டினென்டலும், பிராய்பெர்கில் மெட்ஸலரும், சாக்சனியில் ஹைடெனாவும் மோட்டார் சைக்கிள் டயர்களைத் தயாரிக்கின்றன. பெயரைவிட, தேவைக்குப் பொருத்தமான கலவையும் அளவும்தான் முக்கியம்.

ரப்பரின் பாதை

டயருக்கும் தமிழருக்கும் உள்ள உறவு தொழிற்சாலைகளுக்கும் முந்தியது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டன. அந்தக் கன்றுகள் அதே ஆண்டு இலங்கையின் ஹெனரத்கொட தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. மறு ஆண்டு சிங்கப்பூருக்கும் கன்றுகள் சென்றன. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கிய பின் உலகுக்கு ரப்பர் பெருமளவில் தேவைப்பட்டது. அந்தத் தேவையை நிறைவேற்றிய மலாயா தோட்டங்களில் கங்காணிகள் மூலம் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களே பெரும்பான்மையாகப் பால் வெட்டினர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் தோட்டங்களும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி.

காடழிப்பில் விளைந்த பொருள்களைத் தடுக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றியபோது, அதில் இடம்பெற்ற பொருள்களில் ரப்பரும் ஒன்று. அதன் அமலாக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிவைக்கப்பட்டாலும், ஐரோப்பாவில் விற்கப்படும் டயரின் ரப்பர் எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்கப்படும் காலம் நெருங்குகிறது. அந்தக் கேள்விக்கு விடையளிக்கும் செலவு சிறு விவசாயியின் தலையில் விழுமா, நிறுவனத்தின் கணக்கில் ஏறுமா, டயரின் விலையில் சேருமா என்பது இனித்தான் தெளிவாக வேண்டும்.

பயணியைப் பொறுத்தவரை முடிவு எளிமையானது. பாதையின் பெரும்பகுதி எத்தகையது, சுமை எவ்வளவு, எங்கே மாற்ற முடியும், சட்டம் என்ன அனுமதிக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே விலையைப் பார்க்க வேண்டும். நீண்ட ஆயுள் கொண்ட டயர் பணத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மழை பெய்யும் ஒரு மாலையில், மலைச்சாலையின் ஒரு வளைவில், அது ஈரத்தில் எவ்வளவு பற்றுகிறது என்பது மட்டுமே கணக்கில் வரும். ஆயுளுக்கும் ஈரப் பிடிப்புக்கும் இடையே முடிவெடுக்க இயலாமல் தயங்குபவர் ஈரப் பிடிப்பின் பக்கம் சாய்வதே சரி. தேய்ந்துபோன டயருக்கு மாற்று எங்கேனும் கிடைத்துவிடும்.